எட்டாத இடத்துக்கு ஒரு துளி எண்ணெய்

ஒரு பொருள் செவ்வனே இயங்கும் வரையில் அதனை இயங்க வைப்பது எது என்று எவரும் வினவுவதில்லை. வண்டி ஓடும்போது சில்லைப் பார்க்கின்றோம். சில்லைத் தாங்கும் அச்சைப் பார்ப்பதில்லை. அச்சை நினைப்பவர் சிலர் இருப்பினும், அந்த அச்சுக்கும் தாங்கிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாமற் கிடக்கும் எண்ணெயை நினைப்பவர் மிகச் சிலரே. அந்த எண்ணெயை உரிய இடத்துக்குக் கொண்டு சேர்த்த கருவியை நினைப்பவர் யார்? ஒருவரும் இலர் எனலாம்.

வீட்டிலும் தொழிலிலும் நமக்கு உதவும் சிறு பொருள்களைப் பற்றி இப்பகுதியில் நாம் பேசி வருகின்றோம். இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டது அந்த நினைப்பாரற்ற கருவியே. பட்டறைகளில் 'ஒயில் கான்' என்பார்கள். நாம் எண்ணெய்க் கான் என்றே சொல்லுவோம். கீழே அகன்ற ஒரு தகரப் பாத்திரம். மேலே கொக்கின் மூக்கைப் போல நீண்டு, போகப் போகச் சிறுத்து, நுனியில் ஊசித் துளையோடு முடியும் ஒரு குழாய். தையல் மெசின் உள்ள வீடுகளில் இழுப்பறையின் மூலையில் இதன் குட்டி ஒன்று கிடக்கும். சைக்கிள் திருத்தும் கடைகளில் இது கறுத்துப் பிசுபிசுத்து வாசலிலேயே நிற்கும். விலையோ அற்பம். ஆயினும் இதன் கதை அற்பமன்று.

மூக்கு ஏன் நீண்டது?

முதலில் இதன் அமைப்பைப் பார்ப்போம். சிறிய கானின் அடித்தகடு மெல்லியது. நடுவிற் சற்றே புடைத்திருப்பது. கானைத் தலைகீழாகச் சரித்துப் பெருவிரலால் அந்தப் புடைப்பை அழுத்தினால், தகடு 'டக்' என்று உள்வாங்கும். உள்ளேயுள்ள இடம் குறையவே, குறைந்த அளவுக்கு எண்ணெய் மூக்கின் வழியே வெளிவரும். விரலை எடுத்தால் தகடு தானே பழைய நிலைக்கு மீளும். மெல்லிய தகடுகள் இவ்வாறு புடைத்தும் ஒடுங்கியும் விளையாடும் தன்மைக்கு, ஆங்கிலத்தில் எழுதும் பொறியியலாளர் இன்றும் இந்தக் கானின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். கப்பற் கட்டுமானத்தையும் கூரைத் தகடுகளையும் பற்றிய நூல்களில் இப்பெயர் காணப்படும். பெரிய கான்களில் அடித்தகட்டுக்குப் பதிலாகப் பக்கத்தில் ஒரு கைபிடியும் உள்ளே ஒரு சிறு பம்பும் இருக்கும். கைபிடியை இழுத்தால், மூக்கை மேல்நோக்கிப் பிடித்தாலுங்கூட எண்ணெய் பாயும்.

மூக்கின் நீளத்துக்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று யாவரும் அறிந்தது: விரல் நுழையாத இடுக்கில் அது நுழையும். இரண்டாவது, அதன் நுனி சிறுத்திருப்பதால் எண்ணெய் ஒழுகாமல் துளியாக விழும். இயந்திரத்துக்கு வேண்டியது ஒரு துளியே. மிகுதி எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பசையாகி, நன்மையைத் தீமையாக்கிவிடும். அந்த ஒரு துளியை இடுக்கின் வாயிற் சேர்த்துவிட்டாற் போதும். திரி எண்ணெயை உறிஞ்சுவது போல இடுக்கே அதனைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். மூன்றாவது காரணம் பலருக்குத் தோன்றாதது. ஆனால் மூன்றிலும் பெரிதும் அதுவே. இயந்திரத்துக்கும் மனிதனின் கைக்கும் இடையே அந்த மூக்கு ஓர் இடைவெளியை வைக்கின்றது. அதனைப் பின்னர் சொல்லுவோம்.

எண்ணெய் செய்யும் வேலை

இழைத்த உலோகம் நம் கண்ணுக்குக் கண்ணாடிபோலத் தோன்றும். நுண்ணிதின் நோக்கினால் அது மேடும் பள்ளமுமான மலைநாடு. இரண்டு மலைநாடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தேய்த்தால் சிகரங்கள் மோதி உடையும், வெப்பம் எழும், உலோகம் தேய்ந்து பொடியாகும். இடையே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நின்றுவிட்டால், மேலுள்ளது கீழுள்ளதைத் தொடுவதேயில்லை. உலோகம் உலோகத்தின்மேல் ஓடுவதில்லை. எண்ணெயின்மேல் மிதந்தே ஓடுகின்றது.

இந்த உண்மையை மனிதன் நூலிற் படிக்குமுன்னரே கையால் அறிந்திருந்தான். எகிப்து நாட்டில் தெகுதிஹோத்தெப் என்னும் பிரபுவின் கல்லறையில், கி. மு. 1900 ஆம் ஆண்டளவைச் சேர்ந்த சித்திரம் ஒன்று உண்டு. மாபெரும் சிலை ஒன்று சறுக்கு மரத்தின்மேல் ஏற்றப்பட்டிருக்கின்றது. 172 பேர் வரிசையாக நின்று கயிறு இழுக்கின்றனர். சறுக்கு மரத்தின் முன்நுனியில் ஒருவன் தனியே நின்று, குடத்திலிருந்து நீர்மம் ஒன்றை மணலின்மேல் ஊற்றுகின்றான். அதனைச் சடங்கு என்றே பலர் எண்ணியிருந்தனர். 2014 இல் அம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலாளர் சோதித்தபோது, மணலை அளவாக நனைத்தால் இழுக்கும் விசை ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று கண்டனர். இழுத்தவர் 172 பேர், ஊற்றியவன் ஒருவன். அந்த ஒருவன் இல்லையேல் வேறு எத்தனை பேர் வேண்டியிருக்கும் என்று வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நம்மவரும் இதனை அறிந்தவரே. கரியும் எண்ணெயும் குழைத்து மாட்டுவண்டியின் அச்சுக்கு இடும் மைக்கு 'மசகு' என்று பெயர். இன்று நம் செய்தித்தாள்கள் நிலத்தின் அடியிலிருந்து எடுக்கும் சுத்திகரிக்காத எண்ணெயை 'மசகு எண்ணெய்' என எழுதுகின்றன. உலகச் சந்தையில் அதன் விலை ஏறியது என்னும் செய்தியைப் படிக்கும்போது, அந்தச் சொல் ஒரு வண்டியச்சின் முனகலிற் பிறந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

துளி எங்கே விழவேண்டும்?

எண்ணெய் இட்டால் மட்டும் போதாது, இடமறிந்து இடவேண்டும். இதனை உலகுக்கு ஐயமற உணர்த்திய சோதனை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இயந்திரப் பொறியியலாளர் சங்கத்துக்காகப் பீச்சம் டவர் என்பவர் 1883 ஆம் ஆண்டளவில் புகையிரத அச்சுக்களின் தாங்கிகளை ஆராய்ந்தார். அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் தோய்ந்து சுழல, தாங்கி அதன் முதுகின்மேல் பாரத்தோடு அமர்ந்திருந்தது. எண்ணெய்க் கிண்ணம் ஒன்று பொருத்தலாம் என்று தாங்கியின் உச்சியில் அவர் ஒரு துளை இட்டார். அச்சைச் சுழற்றியதும் அத்துளை வழியே எண்ணெய் உள்ளே போகவில்லை. உள்ளிருந்து மேலே பொங்கி வந்தது! மரமுளை ஒன்றை அடித்து அடைத்தார். எண்ணெய் அந்த முளையையும் வெளியே தள்ளியது. அமுக்கமானி ஒன்றைப் பூட்டிப் பார்த்தபோது, அது சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலுக்கு மேற் காட்டியது. தாங்கியின்மேல் இருந்த பாரமோ சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அளவினதே.

சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, ஆப்புப்போல் இடுக்கிற் செலுத்தித் தாங்கியையே தூக்கி நிற்கின்றது என்பது இதனால் வெளியாயிற்று. ஒஸ்போர்ன் ரெயினோல்ட்ஸ் 1886 இல் இதற்குக் கணித விளக்கம் எழுதினார். இன்றைய விசையாழிகளின் தாங்கிகளை வகுப்போரும் அவ்விளக்கத்தையே அடியாகக் கொள்கின்றனர்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பாரம் மிகுந்து அழுத்தும் உச்சியே கைக்கு எளிதில் எட்டும் இடம். அங்கே துளையிட்டு எண்ணெய் வார்ப்பதே எளிய வேலை. ஆனால் அங்கே வார்த்த எண்ணெய் உட்செல்லாது. பாரம் குறைந்த பக்கத்தில், அச்சு எண்ணெயை அள்ளிக்கொள்ளும் இடத்தில் வார்த்தாலே பயனுண்டு. எட்டும் இடமும் வேண்டிய இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. நீண்ட மூக்கு பிறந்தது இந்த வேற்றுமையினாலேதான்.

சாரதியின் வலம்

நம் நாட்டில் முதற் புகையிரதம் 1864 டிசெம்பர் 27 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. அந்நாள் முதல் டீசல் எஞ்சின்கள் 1950 களில் வந்து இடம்பிடிக்கும் வரை, நிலக்கரியும் நீராவியுமே நம்மை இழுத்துச் சென்றன. நீராவி எஞ்சினின் சாரதி, புறப்படும் நேரத்துக்கு நெடுமுன்னரே கொட்டகைக்கு வந்துவிடுவார். கையில் நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் கானை ஏந்தி, கோயிலை வலம் வருவது போல எஞ்சினைச் சுற்றி வருவார். ஒவ்வொரு மூட்டிலும் சிறு எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். அதன் தக்கையைப் பிடுங்கி, நிரப்பி, மீண்டும் அடைப்பார். கிண்ணத்துள் கம்பளி நூலால் ஆன திரி ஒன்று கிடக்கும். அது எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சி அச்சுக்கு அனுப்பும். பின்னர் சாரதி எஞ்சினின் அடியிலுள்ள குழிக்குள் இறங்கி, சில்லுகளின் நடுவே உடலை வளைத்து, வெளியே நிற்பவர் கண்ணிற் படாத மூட்டுக்களுக்கும் எண்ணெய் ஊட்டுவார். வழியில் வண்டி நிற்கும் இடங்களிலெல்லாம் இறங்கிப் புறங்கையால் அச்சுப் பெட்டிகளைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் உள்ள குழந்தையின் நெற்றியைத் தாய் தொட்டுப் பார்ப்பதும் அவ்வாறே அன்றோ?

எட்டாத இடத்தை மறந்தால் என்ன நிகழும் என்பதற்கு உலகப் புகழ் பெற்ற எஞ்சின் ஒன்றே சாட்சி. 1938 ஜூலை 3 இல் இங்கிலாந்தின் 'மல்லார்ட்' என்னும் எஞ்சின் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி, நீராவி எஞ்சின்களின் உலக சாதனையை நிலைநாட்டியது. அந்த எஞ்சினுக்கு மூன்று உருளைகள். இரண்டு வெளிப்புறத்தே, மூன்றாவது நடுவில், சட்டங்களுக்கு இடையே மறைந்திருப்பது. அந்த நடு உருளையின் தண்டைத் தாங்கும் மூட்டு கண்ணுக்கும் கைக்கும் எட்டாதது. ஆகவே அது சூடேறினால் எச்சரிப்பதற்காகப் பெருஞ்சீரகத்தை ஒத்த மணமுடைய பொருள் ஒன்றை அதனுள் அடைத்து வைத்திருந்தனர். சாதனை ஓட்டத்தில் அந்த மூட்டே அளவுக்கு மீறிச் சூடேறியது, மணம் எழுந்தது. எஞ்சின் மெல்ல ஊர்ந்து பீற்றர்பரோ நிலையத்தை அடைந்து, அங்கே வண்டியிலிருந்து கழற்றப்பட்டது. உலகை வென்ற வேகமும் ஒரு மூட்டின் எண்ணெய்ப் படலத்துக்கு அடங்கியதே.

கற்றவன் கையில் கொடுத்த கான்

இனி நாம் சொல்லப்போவது ஒரு மனிதரின் கதை. எண்ணெய்க் கானை எடுக்கும்போதெல்லாம் நினைக்கத்தக்கவர் அவர்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் இருவர் தப்பியோடிக் கனடாவை அடைந்தனர். அவர்களுடைய மகனாக 1844 இல் ஒன்ராறியோவிற் பிறந்தவர் இலிஜா மக்கோய். இயந்திரங்களில் அவருக்கு இருந்த ஈடுபாட்டைக் கண்ட பெற்றோர், பதினைந்து வயதளவில் அவரை ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகருக்கு அனுப்பினர். அங்கே அவர் இயந்திரப் பொறியியலிற் பயிற்சி பெற்றுத் தேர்ந்து திரும்பினார். குடும்பம் அப்போது மிச்சிகன் மாநிலத்தில் வாழ்ந்தது.

வேலை தேடி மிச்சிகன் சென்ட்ரல் புகையிரதப் பகுதிக்குச் சென்றார். எடின்பரோவிற் கற்ற பொறியியலாளருக்கு அங்கே கிடைத்த வேலை என்ன? எஞ்சினுக்கு நெருப்பு மூட்டும் வேலையும், எண்ணெய் இடும் வேலையும். அந்நாளில் கறுத்த தோலுடைய ஒருவர் பொறியியலாளராக அமர முடியாது. அவர் கற்ற கல்வியை எவரும் வினவவில்லை. நிலக்கரி அள்ளும் மண்வெட்டியையும் எண்ணெய்க் கானையும் அவர் கையிற் கொடுத்தனர்.

அக்காலத்தில் ஓடும் எஞ்சினின் பல உறுப்புக்களுக்கு ஓடும்போது எண்ணெய் இட இயலாது. சில கட்டை ஓடியதும் வண்டியை நிறுத்தி, சுற்றிவந்து எண்ணெய் ஊட்டி, மீண்டும் புறப்படவேண்டும். உருளைகளுக்குக் கொழுப்பு ஊற்றவேண்டுமாயின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெருப்பிடுபவர் அதன் பக்கவாட்டிலுள்ள ஒடுங்கிய பலகையில் நடந்து முன்னே செல்வதும் உண்டு. கால் தவறினால் உயிர் தப்பாது. அமெரிக்கப் புகையிரதத்தார் அவரைக் 'கொழுப்புச் சட்டி' என்று கேலிப்பெயரிட்டு அழைத்தனர்.

மக்கோய் தம் கையிலிருந்த கானைப் பொறியியலாளரின் கண்கொண்டு பார்த்தார். எண்ணெய் இடுவதற்கு மனிதன் ஏன் போகவேண்டும்? எஞ்சினின் நீராவியே எண்ணெயை வேண்டிய இடத்துக்குத் தள்ளினால் என்ன? தம் இல்லத்துப் பட்டறையில் இராப்பகலாக முயன்று, நீராவி எஞ்சினின் உருளைகளுக்கு எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊட்டும் கிண்ணம் ஒன்றை அமைத்தார். 1872 ஜூலை 23 இல் அதற்கு அமெரிக்க அரசின் காப்புரிமை கிடைத்தது. இத்துறையில் அவர் முதல்வர் என்று சொல்லுதல் முறையன்று. இங்கிலாந்தின் ஜோன் ராம்ஸ்பொட்டம் 1860 இலேயே இவ்வகைக் கருவி ஒன்றை அமைத்திருந்தார். ஆயினும் மக்கோய் அத்தோடு நின்றுவிடவில்லை. வாழ்நாள் முழுவதும் இதனையே திருத்தித் திருத்தி, ஐம்பதுக்கு மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றார். அவற்றுட் பெரும்பாலானவை எண்ணெய் ஊட்டுவது பற்றியவையே. அவற்றிடையே மடிக்கக்கூடிய ஸ்திரிக்கைப் பலகை ஒன்றும் உண்டு என்பது இல்லத்தரசியர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

தம் பெயரால் ஒரு நிறுவனத்தை 1920 இல் டெற்றோயிற் நகரில் அமைத்தபோது அவருக்கு வயது எழுபத்தாறு. 1929 இல் அவர் மறைந்தார். 2001 இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2012 இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் தலைநகருக்கு வெளியே தன் முதலாவது கிளையை டெற்றோயிற்றில் திறந்து, அதற்கு இலிஜா மக்கோயின் பெயரையே சூட்டியது. ஒருகாலத்தில் அவருடைய கல்வியை ஒருவரும் வினவவில்லை; பின்னரோ காப்புரிமை அலுவலகத்தின் கிளை ஒன்றே அவர் பெயரைத் தாங்கியது.

கை தப்பவேண்டும்

மூன்றாவது காரணத்தைப் பின்னர் சொல்லுவோம் என்றோம் அல்லவா? அதற்கு வருவோம்.

பழைய தொழிற்சாலைகளில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார் இருந்ததில்லை. கூரையின்கீழ் நெடுகச் சுழலும் ஓர் இரும்புத் தண்டு. அதிலிருந்து தோல் வார்கள் இறங்கி இயந்திரங்களைச் சுழற்றும். நம் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் கொழுந்து உருட்டும் இயந்திரங்கள் இவ்வாறே இயங்கின. அந்தத் தண்டின் தாங்கிகளுக்கு எண்ணெய் இடுபவன் ஏணியில் ஏறவேண்டும். சால்வையின் நுனியோ, சட்டைக் கையோ, ஒரு முழம் கயிறோ சுழலும் தண்டிற் சிக்கினால் அது விடுவதில்லை, பற்றியவனையே சுற்றிக்கொள்ளும். இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் ஓடும் சக்கரங்களைத் துடைக்கச் சிறுவரை அனுப்பினர். சிறிய கை இடுக்கில் நுழையும் என்பதே அதற்குக் காரணம். விரல் இழந்தவரும் கை இழந்தவரும் பலராகவே, 1844 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஓடும் சக்கரங்களைச் சிறுவர் துடைப்பதைத் தடை செய்தது. இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அபாயமான இயந்திர உறுப்புக்களுக்கு வேலி அமைக்கவேண்டும் என்று விதித்தது.

சட்டம் வருமுன்னரே, சட்டம் எட்டாத பட்டறைகளிலும், அந்தக் கைகளைக் காத்து நின்றது ஒரு சாண் நீளத் தகர மூக்கு. சிறுவனின் விரல் செல்லவேண்டிய இடத்துக்கு அது சென்றது. சிக்கினால் மூக்கு வளையும், கை தப்பும். ஆயினும் மூக்கு நீளமாக இருக்கின்றது என்ற துணிவில், ஓடும் இயந்திரத்துக்கு எண்ணெய் இடுவது அறியாமை. முதலில் நிறுத்துக, பின்னர் எண்ணெய் இடுக. மின்சாரத்தால் ஓடுவதாயின் முதலில் இணைப்பைக் கழற்றுக. இந்த ஒரு விதியை வீட்டுச் சிறுவர்க்குச் சொல்லி வைத்தாலே இக்கட்டுரை தன் கடனைச் செய்ததாகும்.

நம் வீட்டுத் தையல் மெசின்

சிங்கர் தையல் மெசின் இலங்கைக்கு 1877 இல் வந்தது. அன்று தொட்டு அது செல்வர் வீட்டு அலங்காரமாக மட்டும் இருந்ததில்லை. கணவனை இழந்த பின்னர் ஒரு தையல் மெசினை நம்பிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய தாய்மார் நம் நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பேர். பாடசாலை திறக்கும் காலத்திலும் தீபாவளி, பொங்கல் நெருங்கும்போதும் அந்த மெசின் ஒருநாள் நின்றால், அந்த வீட்டில் அடுப்பும் அரைகுறையாகவே எரியும். ஆகவே இதன் பராமரிப்பைச் சற்று விரிவாகச் சொல்லுவோம்.

பெரும்பாலான பழைய மெசின்களுக்கு நேர்வது வேலை மிகுதியால் வரும் தேய்வன்று, காய்ந்துபோவதே. அதனினும் கொடியது, தவறான எண்ணெயால் இறுகிப்போவது. அவசரத்துக்குத் தேங்காயெண்ணெயை விடுவோர் நம்மிடையே உளர். விட்ட அன்று மெசின் மிக மென்மையாக ஓடும். நாள் செல்லச் செல்ல அந்த எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகி மூட்டுக்களைப் பற்றிக்கொள்ளும். அன்றியும் தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும் தன்மையது. நுவரெலியாவிலும் அட்டனிலும் போத்தலில் அது வெண்ணெய்போற் கட்டியாவதைக் காணாதார் யார்? அதே எண்ணெய் மெசினின் மூட்டுக்குள்ளும் காலைக் குளிரில் அவ்வாறே உறையும். நல்லெண்ணெய்க்கும் பிசினாகும் குற்றம் உண்டு. தையல் மெசினுக்கென விற்கப்படும் நிறமற்ற, இலேசான எண்ணெயே ஏற்றது.

எண்ணெய் இடும் முறை இதுவாகும். நூலையும் ஊசியையும் கழற்றிவிடுக. தூரிகையால் பஞ்சுத் தூசியை நீக்குக. பொபின் இருக்கும் அறையிலேயே தூசி மிகுதியாகச் சேரும். மெசினின் மேற்புறத்துள்ள சிறு துளைகள் அழகுக்காக இட்டவையல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு துளி விடுக. கைச்சில்லை மெல்லச் சுற்றிப் பார்த்து, எங்கெங்கே உலோகம் உலோகத்தின்மேல் அசைகின்றதோ அங்கெல்லாம் ஒரு துளி. பின்னர் மெசினைப் பின்புறமாகச் சாய்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். மேலே ஆறு துளி விட்டவர் பலர். அடியிற் பார்த்தவர் சிலரே. துணியை நகர்த்தும் பற்களின் மூட்டுக்களும் நீண்ட தண்டுகளும் அங்கேதான் உள. கால்மிதிப் பலகையின் இரு முனைகளையும், அதனைப் பெரிய சில்லோடு இணைக்கும் தண்டின் மூட்டுக்களையும் மறத்தல் ஆகாது.

எண்ணெய் படக்கூடாத இடமும் உண்டு. தோல் வாரில் எண்ணெய் பட்டால் அது வழுக்கும். மிதித்தாலும் மெசின் ஓடாது. மின் மோட்டார் உள்ள மெசினாயின், உடன் வந்த கைநூல் சொன்ன இடத்தில் மட்டுமே எண்ணெய் இடவேண்டும். பிளாத்திக்குப் பற்சில்லுகள் உள்ள புது மெசின்களுக்கும் இவ்விதியே. எண்ணெய் இட்டு முடிந்ததும் சிறிது நேரம் வெறுமனே ஓட்டி, வழிந்ததைத் துடைத்து, பழந்துணி ஒன்றின்மேல் சில வரிகள் தைத்துப் பார்த்த பின்னரே நல்ல துணியை எடுக்கவேண்டும்.

முன்னரே பிசினாகி இறுகிய கால்மிதி மெசினுக்குப் பழைய வைத்தியம் ஒன்றுண்டு. மூட்டுக்களில் சில துளி மண்ணெண்ணெய் விட்டுச் சில நிமிடம் விரைந்து ஓட்டினால் பிசின் கரையும். கரைந்ததை நன்றாகத் துடைத்தெடுத்து, உடனே உரிய எண்ணெயை இடவேண்டும்; மண்ணெண்ணெயோடு விட்டுவிட்டால் மூட்டுக் காய்ந்துபோகும். இதனை அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவிலேயே செய்க.

சைக்கிளுக்கும் இஃதே நெறி. பழைய றலி சைக்கிள்களின் சில்லு நடுவே சிறு மூடியுள்ள எண்ணெய்த் துளை ஒன்று இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே சில துளி. சங்கிலிக்குச் சில துளி. பிறேக் கம்பிகளின் மூட்டுக்களுக்கு ஒவ்வொரு துளி. சில்லின் வளையத்தில் எண்ணெய் பட்டால் பிறேக் பிடியாது. ஆதலால் அங்கே மூக்கைக் கொண்டு செல்லற்க.

காணாமற் போகும் கருவி

இன்று பல இயந்திரங்களின் தாங்கிகள் ஆலையிலேயே கிறீஸ் இட்டு மூடி முத்திரை வைக்கப்பட்டு வருகின்றன. எண்ணெய்த் துளை இல்லாத மின்விசிறிகளும் பம்புகளும் மலிந்துவிட்டன. அவை கெட்டால் திருத்துவதில்லை. கழற்றி எறிந்து புதியதைப் பூட்டுகின்றோம். எண்ணெய்க் கானும் மெல்ல மெல்லப் பரணுக்குச் செல்கின்றது. இதனால் உழைப்புக் குறைந்தது உண்மையே, குறை கூறுவதற்கில்லை. ஆனால் இயந்திரத்தின் அடியிற் குனிந்து பார்க்கும் பழக்கமும் அதனோடு பரணுக்குச் சென்றுவிட்டது.

இப்பழக்கத்தின் விலையை ஒரு நாடு கணக்கிட்டும் பார்த்திருக்கின்றது. பிரித்தானிய அரசு அமைத்த குழு ஒன்று, பீற்றர் ஜோஸ்ட் என்பவரின் தலைமையில் 1966 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உராய்வையும் தேய்வையும் எண்ணெயிடுதலையும் முறையாகக் கவனித்தால், அந்நாட்டுக் கைத்தொழில் ஆண்டுக்கு 515 மில்லியன் பவுண் மிச்சப்படுத்தலாம் என்று அது மதிப்பிட்டது. இத்துறைக்கு ஆங்கிலத்தில் ஒரு புதுப் பெயரே அவ்வறிக்கையோடு வழக்குக்கு வந்தது. அத்துணைப் பெருந்தொகையின் ஒரு பகுதி, உரிய காலத்தில் உரிய இடத்தில் விழாத துளிகளின் விலையே.

சிறுவர்க்கும் ஒரு சொல். 1900 இல் பிராங்க் போம் எழுதிய 'ஓஸ்' மந்திரவாதிக் கதையில் தகர மனிதன் ஒருவன் வருகின்றான். மழையில் நனைந்து மூட்டுக்கள் துருப்பிடித்து, கோடரியைத் தூக்கிய கையோடு ஓராண்டுக்கு மேலாக அசைய இயலாமல் நின்று முனகுகின்றான். அவனுடைய எண்ணெய்க் கான் எங்கே இருந்தது தெரியுமா? அருகிலேயே, அவன் குடிசையின் தட்டில். எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வரும்வரை அந்தச் சிறு தூரமே அவனுக்கு ஓராண்டாயிற்று.

நம் வீடுகளிலும் கான் தூரத்தில் இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாள். பகலுணவுக்குப் பின் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். மூக்கின் நுனி அடைத்திருந்தால் ஓர் ஊசியாற் குத்தித் திறவுங்கள். பிள்ளைகளையும் அருகே அழைத்து வைத்துக்கொண்டு, மெசினைச் சாய்த்து அதன் அடிப்பாகத்தைக் காட்டுங்கள். எங்கே எண்ணெய் வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். துளியை அவர்கள் கையாலேயே விடட்டும். கைச்சில்லு முன்னையினும் இலகுவாகச் சுற்றுவதை அவர்களுடைய விரலே அறிந்துகொள்ளும்.